மூன்று விரற்கடை ஆழம்

புரட்டாசி மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிறவர்கள் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே பார்த்துக்கொண்டே போகலாம். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த காடு. காடு என்றால் இங்கே வனம் கிடையாது, மானாவாரிப் புஞ்சைக்குத்தான் அந்தப் பெயர். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, ஓடையோரம் சீமைக்கருவேலம். வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இருக்காது. அந்த வெயிலில் ஒரு டிராக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்வரும். உழுகிறார்கள் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். அவர்கள் விதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மண்ணில் ஈரமே இல்லை. மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறை சொல்லும். சராசரி நாளில் மழை வந்த வருடங்கள் குறைவு. இருந்தும் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, வீட்டிலிருந்த விதையையும் கையிலிருந்த பணத்தையும் புழுதிக்குள் போட்டு மூடிவிட்டு வருகிறார்கள். புழுதி விதைப்பு என்று ஊரில் சொல்வார்கள். வேளாண்மைத் துறைக் கையேடுகளில் முன்பருவ விதைப்பு.

மழை பெய்த பிறகு விதைத்தால் என்ன என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். இந்தப் பக்கத்து வழக்கில் சொன்னால், ஒரு சம்சாரியிடம். விவசாயி என்ற சொல் இங்கே கூட்டங்களில்தான் ஒலிக்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: “பேஞ்சப்புறம் காட்டுக்குள்ள கால வைக்க முடியுமா தம்பி? ஒரு கால எடுத்தா மறுகால் புதையும். மாடும் எறங்காது, டிராக்டரும் எறங்காது. காடு காயட்டும்னு இருந்தா அதுக்குள்ள அடுத்த மழ வந்துரும். அப்படியே ஐப்பசி போயிரும், பருவமும் போயிரும்.”

நிச்சயம் தெரியும்வரை காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த விலை என்ன என்று புரிந்தது அன்றைக்குத்தான். ஊர் மாறுவது, வேலை மாறுவது, ஐம்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குவது என்று எல்லாம் தெளிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என நான் தள்ளிப்போட்டவை பல. தெளிவு வந்தபோது தரை சேறாகிவிட்டிருந்தது. ஆகவே இந்த அத்தியாயத்தில் அந்தச் சம்சாரியின் பதிலை மண்ணிலிருந்தே தொடங்கிப் பார்க்க விரும்புகிறேன். அவருடைய நம்பிக்கைக்குப் பின்னால் மண்ணின் வேதியியலும் விதையின் உயிரியலும் ஒரு அருமையான கணிதமும் இருக்கின்றன.

கரிசல் என்னும் இந்தக் கறுத்த மண்ணின் குணமெல்லாம் அதன் களிமண்ணில் இருக்கிறது. மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் இதில் மிகுதி. ஒரு புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய அடுக்குகளாக அமைந்தது அது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு நானோமீட்டர் தடிமன்தான். தண்ணீர் பட்டால் மூலக்கூறுகள் இந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். தாள்களுக்கு நடுவே ஈரம் ஏறிய புத்தகம்போல் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். சித்திரை வெயிலில் கரிசல் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். குச்சியை விட்டால் இன்னும் ஆழம் போகும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழும், மழையில் உப்பும்போது அடிமண் மேலே தள்ளப்படும். யாரும் உழாவிட்டாலும் கரிசல் தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிக்கொள்கிறது.

தூய மான்ட்மோரில்லோனைட் ஒரு கிராமை எடுத்து அதன் அடுக்குகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 700 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 17 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக்குள் 17 சென்ட்! அத்தனை பரப்பிலும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு மீட்டர் ஆழக் கரிசல் செடி உறிஞ்சக்கூடிய நீரை 150 முதல் 200 மி.மீ. மழை அளவுக்குத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கார்த்திகையோடு மழை நின்றாலும் மாசியில் பருத்தி வெடித்து நிற்பது இந்தச் சேமிப்பால்தான்.

ஆனால் அதே ஒட்டுதல் இன்னொரு பக்கம் கஞ்சத்தனமாக வேலை செய்கிறது. காய்ந்த கரிசலில் முதலில் விழும் தண்ணீரைக் களிமண் இறுகப் பிடித்துக்கொள்ளும், விதைக்குக் கொடுக்காது. மணலில் ஒரு தூறல் விழுந்தால்கூட விதைக்கு எட்டும். கரிசலுக்குத் தூறல் போதாது, உழவுமழை வேண்டும். மழையைக் கலப்பை ஆழத்தால் அளந்த சொல் இது. ஒரு உழவு ஆழத்துக்கு நனைந்தால் உழவுமழை. மழைமானி வருவதற்கு முன்பே மண்ணைத் தோண்டிப் பார்த்து மழையை அளந்தவர்களின் சொல்.

இப்போது விதைக்கும் ஆழத்துக்கு வருவோம். முன்பருவ விதைப்பில் சோள விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட வேண்டும் என்பது பரிந்துரை. ஏறத்தாழ மூன்று விரற்கடை. ஏன் அந்த ஆழம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். அந்தச் சதுர மீட்டரில் 5 செ.மீ. ஆழம்வரை உள்ள மண்ணின் கொள்ளளவு 50 லிட்டர். புழுதியாகக் கிடக்கும் மண் நன்றாக நனைய, அதன் கொள்ளளவில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர், அதாவது 15 மி.மீ. மழை. வெயிலில் ஆவியாவதையும் மேட்டிலிருந்து வழிவதையும் சேர்த்தால் 20 மி.மீ.-ஐத் தொட்டுவிடும். ஆக, 5 மி.மீ. தூறல் விழுந்தால் மேல்மண் மட்டும் கறுத்து மணக்கும், கீழே விதை உறங்கிக்கொண்டே இருக்கும். முளைத்து வந்த பிறகு சில நாள் தாங்கும் அளவுக்கு ஈரத்தோடு வரும் மழைதான் விதையை எழுப்பும்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். எந்த மழையை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்ற தீர்ப்பை அந்தச் சம்சாரி முன்கூட்டியே மண்ணுக்குள் எழுதிவைத்துவிடுகிறார். எழுதும் எழுத்து ஆழம். மேலாக விதைத்தால் ஒவ்வொரு தூறலுக்கும் விதை ஏமாறும், எறும்புக்கும் காடைக்கும் இரையாகும். மிக ஆழமாக விதைத்தால் நல்ல மழை வந்தும் முளை மேலே வந்துசேராமல் சோர்ந்துவிடும். கோடை உழவும் இதோடு சேர்ந்தது. சித்திரை, வைகாசியில் விழும் மழையைப் பிடித்து உழுது வெடிப்பை மூடிவிட்டால்தான் பருவமழை மேலிருந்து சீராக இறங்கும். வெடிப்பு திறந்தே கிடந்தால் தண்ணீர் நேராக அடியாழத்துக்குப் போய்விடும், மேலே விதை காய்ந்தபடி கிடக்கும்.

விதைக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் நுட்பமானது. காய்ந்த விதை தண்ணீரைத் தொட்டதும் முதலில் வேகமாக உறிஞ்சும். இது வெறும் இயற்பியல்தான், செத்த விதையும் இப்படி உறிஞ்சும். அடுத்து உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே பழுதான டி.என்.ஏ. சரிசெய்யப்படுகிறது, நொதிகள் உருவாகின்றன, சுவாசம் தொடங்குகிறது. மூன்றாவதாக முளைவேர் விதைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டாம் கட்டம்வரை விதை திரும்பிப் போகலாம்: காயவைத்தால் பழையபடி உறங்கும், சாகாது. வேர் வெளியே வந்த பிறகு காய்வைத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. அதற்கப்புறம் திரும்பும் வழி இல்லை.

இந்த இடைக்கட்டத்தைப் பயன்படுத்துவதுதான் விதையைக் கடினப்படுத்துதல். மானாவாரிச் சோளத்துக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் முறை இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்துவது. வெயிலில் காயவைத்தால் காரியம் கெட்டுவிடும், நிழல்தான் வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் ஊறாத விதைக்கும் ஊறி உலர்ந்த விதைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்று பாதி வழி போய்த் திரும்பி வந்தது. மழை விழுந்ததும் அது முதல் இரண்டு கட்டங்களை விறுவிறுவென்று கடந்து முன்னதாக வேர் விடும். கரிசலின் மேல்மண் காய்வதற்குள் வேர் அடி ஈரத்தைப் பிடித்தாக வேண்டும் என்னும்போது, ஒரு நாள் முந்துவது பெரிய விஷயம். சோவியத் தாவரவியலாளர் கெங்கெல் இத்தகைய ஊறவைத்து உலர்த்தும் முறைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். 1990களில் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் சாதாரணத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து விதைக்கும் முறையைச் சிறு விவசாயிகளே தங்கள் நிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள்.

கோவில்பட்டியில் இந்த வகைத் துருவிப் பார்த்தலுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. இங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. கருங்கண்ணி என்ற நாட்டுப்பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்கள் இங்கிருந்து போயின. கே 8, கே 12 என்று சோளத்துக்கும் கே.சி. 2, கே.சி. 3 என்று பருத்திக்கும் இருக்கும் பெயர்களில் ‘கே’ என்பது இந்த ஊர். 1970இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தில் இதுவும் ஒரு மையம். புழுதி விதைப்பை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை, அது சம்சாரிகளின் வழக்கம். எத்தனை செ.மீ., எந்த வாரம், எந்த உப்பு, எத்தனை மணி நேரம் என்று அளந்து சொன்னது ஆராய்ச்சி நிலையங்களின் வேலை. இரண்டும் சேர்ந்ததில்தான் அதன் பலன். ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனமும் கரிசல் நிலத்துக்கு உலர் விதைப்பைச் சொன்னது, ஒரு எச்சரிக்கையோடு. பருவத் தொடக்க மழை ஓரளவு நம்பக்கூடியதாக இருக்கும் இடத்தில் மட்டுமே செய்யுங்கள் என்றது.

நம்பினால் மழை வந்துவிடும் என்று நான் எழுதினால் அது பொய். கோவில்பட்டிக்கு வருடத்துக்குச் சராசரியாக 700 மி.மீ.-ஐ ஒட்டி மழை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது; பதிவுகளில் அதைவிட மோசமான வருடத்தைத் தேடினால் 1876க்குப் போக வேண்டும். 2023 டிசம்பர் 17ஐ ஒட்டிய ஒரே நாளில், இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. கோவில்பட்டியின் ஒரு வருட மழையைவிட அதிகம். இப்படி ஒரு வானத்தின் கீழே சராசரியை நம்பி வாழ முடியாது. பிறகு எதை நம்பி வாழ்கிறார்கள்?

இதற்கு விடை 1966இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் கோஹன் பாலைவனச் செடிகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: நல்ல மழை பெய்தும் இந்தச் செடிகளின் விதைகளில் ஒரு பகுதி ஏன் முளைக்காமல் மண்ணிலேயே கிடக்கிறது? ஒரு கணக்கு பாருங்கள். நூறு விதை. நல்ல வருடத்தில் முளைக்கும் ஒவ்வொன்றும் பத்து விதை தரும். கெட்ட வருடத்தில் முளைத்ததெல்லாம் கருகும். எல்லா விதையும் ஒன்றாக முளைக்கும் குலத்துக்கு நல்ல வருடம் 1,000 கிடைக்கும், அடுத்த வருடம் கெட்டதானால் பூச்சியம். பாதியை மண்ணிலேயே விட்டுவைக்கும் குலத்துக்கு நல்ல வருடம் 550தான் (முளைத்த 50 தந்த 500, உறங்கிய 50). கெட்ட வருடம் வந்தால் 275 மிஞ்சும். முதல் குலம் ஒரு வருடம் செழித்து அடுத்த வருடம் அழிந்தது. இரண்டாவது குலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெருக்கலில் ஒரு பூச்சியம் வந்தால் முன்னால் எத்தனை பெரிய எண் இருந்தும் பயனில்லை.

கோஹனைப் படித்த பிறகுதான் சம்சாரி செய்வதன் பொருள் எனக்கு விளங்கியது. காட்டுச் செடியின் விதைக்கு இந்த நிதானம் பிறவியிலேயே இருக்கிறது. நாம் பயிராக்கிய சோளத்துக்கும் கம்புக்கும் அது போய்விட்டது. விதைத்ததெல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து விதை உறக்கத்தை நாமே அழித்துவிட்டோம். விதை இழந்த அந்த நிதானத்தைச் சம்சாரி தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறார். ஒரு பொழிக்கு அந்தப் பக்கம் கம்பு, இந்தப் பக்கம் சோளம், ஓரத்தில் கொஞ்சம் மல்லி. உளுந்து சீக்கிரம் கைக்கு வரும், பின்மழை தவறினாலும் அது மிஞ்சும். பின்மழை நன்றாகப் பெய்தால் பருத்தி காப்பாற்றும். மகசூலே இல்லாமல் போனாலும் சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமாகும். முக்கியமாக, எல்லா விதையையும் காட்டில் போடமாட்டார். மறுவிதைப்புக்கென்று ஒரு பங்கு வீட்டுக் குலுக்கையில் இருக்கும். அந்தக் காலத்து மண்குலுக்கை இப்போது பிளாஸ்டிக் டிரம்மாகிவிட்டது, கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்த நிலத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் இதே கணக்கில்தான் அனுப்பிவைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவன் காட்டோடு, ஒருவன் பட்டாளத்தில், ஒருத்தி டீச்சர் டிரெயினிங்கில், ஒருவன் தீப்பெட்டி ஆபீஸில். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தொழில் வந்த கதையே ஒரு புழுதி விதைப்பு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. மொழி தெரியாத தூரத்து ஊர், நிச்சயமான லாபம் எதுவும் கண்முன் இல்லை. அவர்கள் மீண்டு வந்து தொடங்கியது சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் என்று இந்த வறண்ட வட்டாரம் முழுக்கப் பரவியது. பயிரைக் கருக்கிய அதே காய்ந்த காற்றும் வெயிலும் மருந்து தோய்த்த குச்சிகளை உலர்த்த உதவின. மழை பொய்த்த வருடங்களில் அடுப்பெரித்தது அந்தக் கூலிதான். அதே ஆபீஸ்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய எத்தனையோ குழந்தைகள் விடிகாலையில் பஸ் ஏற்றப்பட்டு, குச்சிகளைக் கட்டையில் அடுக்கித் தங்கள் வயதைத் தொலைத்தார்கள் என்பதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும். அவர்கள் தாமாகத் தேர்ந்த மாற்றம் இல்லை அது. யாருடைய நம்பிக்கைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

தனி ஒரு வாழ்க்கையில் இது எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு கி. ராஜநாராயணன் நினைவுதான் வரும். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923இல் பிறந்த சம்சாரி. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. முப்பது வயதுக்கு மேல்தான் கதை எழுதத் தொடங்கினார். சுற்றிலும் பேசப்படும் சொற்களை ஒருவர் விடாமல் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, பல்கலைக்கழகம் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையும் இல்லை. சொல் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, காட்டையும் ஊரையும் விட்டுப் புதுச்சேரிக்குப் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைப் பற்றிப் பேராசிரியராக வேலை பார்த்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது. தொண்ணூற்றேழு வயதில் 2021இல் புதுச்சேரியில் காலமானார். விதைக்குள் நடக்கும் அந்த இரண்டாம் கட்டம் பல வருடம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நடந்ததை அவர் வாழ்க்கையில் நான் பார்க்கிறேன்.

அந்தப் பெரியவரின் காட்டுக்கு நான் மறுபடியும் போனது ஐப்பசி தொடக்கத்தில். முந்தின நாள் சாயங்காலம் கொஞ்சம் மழை. கோவில்பட்டி கடைத்தெருவில் ஒரே சந்தோஷம். காடெல்லாம் கறுத்து, மண் வாசனை மூக்கைத் துளைத்தது. விதை எழுந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் வரப்போரம் குத்தவைத்து உட்கார்ந்து, சுட்டுவிரலால் சாலின் மண்ணை விலக்கினார். மேலே ஒரு விரற்கடை ஈரம், கையில் பிசுபிசுத்தது. அதற்குக் கீழே பழைய புழுதி, சாம்பல் நிறத்தில். இன்னும் தோண்டி ஒரு சோள விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். வாயில் போட்டுக் கடித்தால் நறுக்கென்று உடையும் போலிருந்தது.

“எட்டல தம்பி,” என்றார். விதையை எடுத்த இடத்திலேயே வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மேலே உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்தார்.